ஒரு போத்தல் கடல்

பூரணி டீச்சர் அறுபது வயதில் கடலில் பலகை போட்டுச் சறுக்கப் பழகினார் என்று சொன்னால், பொகவந்தலாவைப் பக்கம் யாரும் இலேசில் நம்பமாட்டார்கள். நம்பிவிடக்கூடாதே என்றுதான் அவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. முப்பத்திநாலு வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனுஷி, முழங்கால் வரைக்கும் காற்சட்டை மாட்டிக்கொண்டு அலையில் குப்புற விழுகிறார் என்றால் ஊர் சும்மா விடுமா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான்.

ஓய்வு பெற்ற வருஷம் மற்ற டீச்சர்மாரெல்லாம் சேர்ந்து கிழக்குக் கடற்கரைப் பொத்துவில்லுக்கு ஒரு சுற்றுலா வைத்தார்கள். அங்கேதான் நஸ்ரியாவைக் கண்டார். இரண்டு பிள்ளைக்குத் தாய். தலையை மூடிய துணியோடு பலகையில் ஏறி நின்று, அலை தூக்கிக்கொண்டு வந்து கரையில் விட, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கி நடந்தாள். பூரணி டீச்சர் அன்று ராத்திரி தூங்கவில்லை. அடுத்த மாதமே தனியாகப் பஸ் ஏறிவிட்டார். ஹட்டன், நுவரெலியா, பதுளை, மொனராகலை என்று நாள் முழுக்கக் குலுங்கிப் போய்ச் சேர்ந்து, "எனக்குக் கத்துக்குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"வயசென்ன?" என்றாள் நஸ்ரியா.

"அறுபது. நீந்தவும் தெரியாது."

"அதெல்லாம் பழகலாம். விழுந்தா என்ன டீச்சர், கடல் மார்க்ஸ் போடப்போகுதா?"

அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மூன்று வருஷமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் மாதம் ஒரு தடவை. முதல் வருஷம் முழுக்கக் கடல் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். இரண்டாம் வருஷம் மண்டி போட்டார். மூன்றாம் வருஷம், ஒரு நாள் காலையில், இடுப்பளவு உயர அலை ஒன்றில் இரண்டு காலில் நின்றேவிட்டார். பத்து எண்ணுவதற்குள் விழுந்தாலும் நின்றது நின்றதுதானே. கரையில் உட்கார்ந்து ஏன் என்று தெரியாமல் அழுதார்.

மற்ற நாளெல்லாம் ரோட்டோரத்துச் சின்ன வீட்டில் ஆள் அரவமில்லாத வாழ்க்கை. கல்யாணம் காட்சி எதுவும் கூடிவரவில்லை. காலையில் தேத்தண்ணி, பிறகு பத்திரிகை, பிறகு சமையல். சமையலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடப் படிப்பித்த சோமலதா டீச்சர் கற்றுக்கொடுத்த புளி மீன்தான் அவருக்கு உயிர். அதற்குக் கொறக்காப்புளி, புகையில் காயவைத்த அந்தக் கறுப்புப் புளி, வேண்டும். மலை நாட்டு ஈரத்துக்குக் கொறக்கா இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, அதை உப்பு ஜாடிக்குள்ளேயே புதைத்து வைத்திருப்பார். அதனால் அந்த வீட்டு உப்புக்கு எப்போதும் இலேசாக ஒரு புகைப் புளிப்பு வாசம் உண்டு. சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது தெரியும்.

அப்படிச் சாப்பிட்டுப் பழகியவள் ஒருத்திதான். மீனம்மா.

டீச்சரை 'அவர்' என்றும் மீனம்மாவை 'அவள்' என்றும் சொல்லுகிறேனே, கவனித்தீர்களா? இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே சிலேட்டில் எழுதினவர்கள். அதற்குப் பிறகு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகள் பூரணி ஹட்டனுக்குப் படிக்கப் போனாள். அப்பன் செத்துப்போன மீனம்மா தலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். படித்து முடித்துத் திரும்பி வந்தபோது பூரணி 'டீச்சர்' ஆகிவிட்டார். அன்றைக்கு மாறின பேச்சுத்தான், கதை சொல்லுகிற என் வாயிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மீனம்மாவுக்கும் வேலை நின்று சில வருஷமாகிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஏறி வந்து தேங்காய் துருவிக் கொடுப்பாள், வாசல் கூட்டுவாள், டீச்சரோடு சேர்ந்து சாப்பிடுவாள். பேச்சுத் துணை என்றுதான் சொல்லவேண்டும். சீமெந்துத் தரையில் பாயை விரித்து, குப்புறப் படுத்து, துள்ளி எழுந்து நிற்கிற பயிற்சியை டீச்சர் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டதும் அவள்தான்.

"ஐயய்யோ, என்னாங்க டீச்சர், வலிப்பு கிலிப்பு வந்துருச்சா?"

வேறு வழியில்லாமல் டீச்சர் உண்மையைச் சொன்னார். மீனம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஊரில் ஒரு காக்காய் குஞ்சுக்கும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆசையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கடலே பாத்ததில்லைங்க டீச்சர். அது எம்புட்டுப் பெருசு இருக்கும்? நம்ம டேம் கணக்கா?"

"டேமுக்கு அக்கரை இருக்குல்ல. கடலுக்கு அக்கரை தெரியாது."

"அக்கரை இல்லாத தண்ணியா? அப்ப எங்கிட்டுத்தான் போயி முடியுது?" மீனம்மா துருவலையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்களேன். சாகுறதுக்குள்ள பாத்துரணும்."

"பாப்போம் மீனம்மா."

இந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அதுதான் பூரணி டீச்சரின் பெரிய ஆயுதம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரிடமும் அதைத்தான் சொல்லுவார். முடியாது என்று சொன்ன பாவமும் இல்லை, முடியும் என்று சொன்ன பாரமும் இல்லை.

ஒரு வைகாசி மாதம் மீனம்மா விடுகிற மாதிரி இல்லை. சரி, வெள்ளிக்கிழமை விடியக்காலை முதல் பஸ் என்றார் டீச்சர். சொல்லிவிட்டு வியாழக்கிழமையே போய்விட்டார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நல்ல சேலை உடுத்து, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, பூட்டின வீட்டு வாசலில் மீனம்மா நின்றிருக்கிறாள். திரும்பி வந்த டீச்சர் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தவித்துக்கொண்டிருக்க, அவளே முந்திக்கொண்டாள்: "எனக்குத்தாங்க டீச்சர் நாள் மாறிப்போச்சு. வியாழன்னு நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

ஏன் அப்படிச் செய்தார்? நேரமில்லையா, கையில் காசு இல்லையா? அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கடற்கரையில் அவர் யாருக்கும் டீச்சர் இல்லை, கணக்கப்பிள்ளை மகள் இல்லை. நஸ்ரியா டீச்சர் என்று கூப்பிட்டாலும் அது பெயர் மாதிரித்தான். விழுந்து எழுந்து மூக்கொழுக நிற்கிற கிழவி ஒருத்தி, அவ்வளவுதான். மீனம்மா வந்து குடையோடு மணலில் உட்கார்ந்து, "பாத்துங்க டீச்சர், பாத்துங்க டீச்சர்" என்று கத்தினால், இந்த மலை முழுக்க அங்கே வந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்றும் இருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் டீச்சருக்குக் கூசியது. நஸ்ரியா, "யார் இவங்க?" என்று கேட்டால் என்ன சொல்லுவது? கூட்டாளி என்றா, வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள் என்றா? சிலேட்டைப் பங்கு போட்டவளுக்குக் கடலைப் பங்கு போட மனம் வரவில்லை. அற்பம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

அதற்குப் பிறகு மீனம்மா கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கவில்லை. இந்த வருஷம் புரட்டாசியில், கடைசிப் பயணத்துக்கு முந்தின நாள் மட்டும், "ஒரு சின்னப் போத்தல்ல கொஞ்சூண்டு தண்ணியாச்சும் கொண்டாங்க டீச்சர். சாமித் தட்டுல வச்சிக்கிறேன்" என்றாள். அதற்கென்ன, கொண்டுவருகிறேன் என்றார் டீச்சர். இந்தத் தடவை பாப்போம் என்று சொல்லவில்லை.

கொண்டுவரவில்லை. மறந்தே போனார். மூன்று அலையில் தொடர்ந்து நின்றுவிட்ட சந்தோஷத்தில் போத்தலாவது கீத்தலாவது. வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தபோதுதான், கீழே படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வருகிற மீனம்மாவைக் கண்டார். அப்போதுதான் போத்தல் நினைவுக்கு வந்தது.

ஐந்து நிமிஷம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஐந்து நிமிஷம் தாராளம். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பழைய தேன் போத்தலைக் கழுவினார். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீரை ஊற்றினார். ஜாடியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டுக் குலுக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடலின் உப்பு அவருக்குத் தெரியாததா, எத்தனை மிடறு குடித்திருக்கிறார்! கைதேர்ந்த சமையல்காரி, அந்தக் கரிப்பைச் சரியாகவே கொண்டுவந்துவிட்டார். கடைசியில் பயணப் பையைக் கவிழ்த்து உதறி, தையலில் ஒட்டியிருந்த நாலு மணலையும் எடுத்து உள்ளே போட்டார். அந்தப் போத்தலில் அந்த நாலு மணல்தான் நிஜம்.

மீனம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டாள்.

"உப்புக் கரிக்குதுங்க. ஆனா என்னமோ ஒரு வாசம் வருதே."

"கடல்னா வாசம் இருக்காதா? எத்தனை மீன் கெடக்குது."

மீனம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அதுஞ்சரிதான்" என்றாள்.

ஐப்பசியில் மீனம்மா வருவது வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. வயிறு சரியில்லை என்றாள். பிறகு வரவேயில்லை. மகள் நிஷாந்தி, கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவள், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை மழை தொடங்கியிருந்தது. மலை முழுக்க மூடுபனி; பகல் பன்னிரண்டு மணிக்கும் லயத்துக்குள் லைட் போடவேண்டியிருந்தது.

டீச்சர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனார். மீனம்மா கட்டிலில் ஒரு பிடி ஆகிக் கிடந்தாள். தலைமாட்டில் சாமித் தட்டு. மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தேன் போத்தல். அதன் கழுத்தில் குங்குமம், முன்னால் ஒரு சின்ன விளக்கு.

"பாத்தீங்களா டீச்சர், தெனமும் வெளக்கு வைக்கிறேன்" என்றாள் மீனம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "போகையில ரெண்டு சொட்டு வாயில ஊத்தச் சொல்லியிருக்கேன். பாலெல்லாம் வேணாம்னுட்டேன். கண்ணால பாக்கலேன்னாலும் உள்ள எறங்குனா சரி."

ஒருத்தி உயிர் போகிற நேரத்தில் வாயில் ஊற்றுவதற்குத் தன் வீட்டுச் சமையலறை உப்பா? சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முப்பத்திநாலு வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று பிரம்பால் தட்டின கை, கஞ்சிக் கரண்டியைத்தான் எடுத்தது.

வீட்டுக்கு வந்தவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நிஜக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது போத்தலை மாற்றி வைத்துவிடுவது. பாருங்கள், அப்போதும் மாற்றி வைக்கத்தான் நினைத்தார், சொல்ல நினைக்கவில்லை. பொத்துவில் பக்கம் ரோடு மூடிக் கிடந்தது. எந்தக் கடல் என்றால் என்ன, கொழும்புக் கடலும் கடல்தானே என்று மறுநாள் விடியக்காலை பஸ் ஏறினார்.

கொழும்பு காலி முகத்திடலில் இறங்கும்போது மணி பதினொன்று. டீச்சர் மணிக்கூட்டை இரண்டு தடவை பார்த்தார். விடிய ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கடல். மாலை பஸ்ஸைப் பிடித்தால் படுக்கைக்கு வீடு. அவ்வளவு பக்கத்திலா இருந்தது! ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்று வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை! 'பொத்துவில் தூரம், உனக்குத் தாங்காது' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யை அவரே நம்பியிருந்தார். சாம்பல் நிறக் கடல் கல்லில் மோதிச் சீறியது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறால் வடை தின்றுகொண்டு நின்றார்கள். டீச்சர் கல்லில் இறங்கி, சேலை நனைய, போத்தலை அமுக்கிப் பிடித்தார். அது குபுகுபுவென்று நிறைந்தது. கடலுக்கு நேரே நின்று வாய்விட்டு அழுதார். மழை பெய்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கினிகத்தேனைக்கு மேலே மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பஸ்ஸுக்குள்ளேயே ராத்திரி கழிந்தது. போத்தல் மடியில் இருந்தது. போனில் நிஷாந்தியின் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். 'அந்தத் தண்ணிய ஊத்தாத' என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவேண்டும். கடைசியில் அழுத்தியபோது போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் பகல் லயத்துக்குப் போகிற வளைவில் ஏறும்போதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் காணவில்லை. ஒரு சாவு விழுந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் வேலையில்லை. டீச்சருக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மீனம்மாவின் லயத்து அறையான காம்பரா வாசலில் நிஷாந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "விடியக்காலைல போயிருச்சுங்க டீச்சர். நேத்தெல்லாம் ஒங்களத்தான் கேட்டுச்சு. கடலுக்குப் போயிருக்காங்களா, கடலுக்குப் போயிருக்காங்களான்னு."

"ஊத்துனியா?" டீச்சர் அவள் தோளைப் பிடித்தார். "அந்தத் தண்ணி... ஊத்துனியாடி?"

"அதுவே கேட்டு வாங்கிக் குடிச்சிச்சு. நேத்து பொழுது சாயுற நேரம். ரெண்டு சொட்டு விட்டேன். சப்புக்கொட்டிச்சு, சிரிச்சிச்சு. அப்புறம் நெனவு தப்பி என்னென்னமோ பேசிருச்சு டீச்சர்."

"என்னா பேசுச்சு?"

நிஷாந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். சாமித் தட்டிலிருந்த தேன் போத்தலை எடுத்துவந்தாள். தண்ணீர் குறைந்ததாகவே தெரியவில்லை. "'மிச்சத்த டீச்சர்கிட்டயே குடுத்துருடி, மீன் கொழம்பு வைக்க ஆகும். கொறக்கா வாசத்தோடதான் குடுத்திருக்காங்க. நான் கோவிச்சுக்கலேன்னு சொல்லு'ன்னுச்சு. கடல் தண்ணியில கொறக்கா ஏதுங்க டீச்சர்? பாவம், மூளைக்கு ஏறிருச்சு."

பூரணி டீச்சர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முதல் சொட்டிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அதுஞ்சரிதான் என்று சிரித்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் இரண்டு மாதம் குங்குமம் வைத்திருக்கிறாள், விளக்கு வைத்திருக்கிறாள், போகிற நேரத்தில் வாயிலும் வாங்கியிருக்கிறாள். அடிப்பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா? நாலு பேருக்கு முன்னால் நறுக்கென்று கேட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காதே என்று டீச்சர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். டீச்சரே இப்படி அழுகிறாரே என்று லயத்துப் பெண்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள்.

குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்தார்கள். லயத்திலேயே மூத்தவளான வேலாயி சீயக்காயைக் கரைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்துபோய்ப் பையிலிருந்த போத்தலை எடுத்து அண்டாவில் கவிழ்த்தார்.

"என்னாங்க டீச்சர் அது?" என்றாள் நிஷாந்தி.

"கடல் தண்ணி."

நிஷாந்தி தன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். "அப்ப இது?"

இந்தத் தடவை ஐந்து நிமிஷம்கூட இல்லை. எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது பீலித் தண்ணி. எங்க வீட்டு உப்பப் போட்டு நான் கலக்கிக் குடுத்தது. ஒங்கம்மா நெனவோடதான் பேசியிருக்கா."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வேலாயிதான் கடைசியில், "சரி, சரி, தண்ணி ஆறுது. ஊத்துங்க" என்றாள்.

பின்னேரம் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தேயிலைக்கு நடுவிலிருந்த மயானத்தில் மீனம்மாவை அடக்கினார்கள். சேறு வழுக்கியது. அலையில் நிற்கப் பழகின டீச்சரின் கால் அந்தச் சரிவில் இரண்டு தடவை இடறியது. ஆட்கள் கலைந்த பிறகு அவர் நிஷாந்தியின் கையைப் பிடித்தார்.

"நீ கடல் பாத்திருக்கியா?"

"கொழும்புல ரெண்டு வருஷம் இருந்தேன். லீவு குடுத்தாத்தானே போறதுக்கு? பஸ்ஸுல போகையில தூரத்துல தெரியும்."

"சித்திரையில என்கூட பொத்துவில்லுக்கு வா. நான் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

நிஷாந்தி கையை மெதுவாக உருவிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அம்மாவைப் போலவே மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பாப்போங்க டீச்சர்."